கழுத்தளவுத் தண்ணியில ஒரு வாரம்

டிவிப் பொட்டியில இருந்து தண்ணி வர ஆரம்பிச்சது ஒரு ஞாயித்துக்கெழம சாயங்காலம். ‘சாவித் துவாரம்’ தொடரோட கடைசிக்கு முந்தின பகுதி முடியப் போற நேரம், செவல்குளத்துல டிவி இருக்கிற அத்தன வீட்லயும் ஒண்ணு போல, திரைக்குக் கீழ் ஓரத்துல வேர்த்த மாதிரி ஒரு கோடு விட்டு, அந்தக் கோடு தடிச்சு, சொட்டாகி, சொட்டு நூலாகி எறங்குச்சு. ஊர்ல ஒருத்தரும் ஐயோன்னு கத்தல. தண்ணி வந்தா செவல்குளத்துக்காரங்க கத்த மாட்டாக, பாத்திரத்தத் தூக்கிட்டு ஓடுவாக. லாரியில வந்தாலும் சரி, குழாயில வந்தாலும் சரி, எப்பவாச்சும் மறதியா வானத்துல இருந்து வந்தாலும் சரி, மொதல்ல பாத்திரம், அப்புறந்தான் பேச்சு.

ஊர்ப் பேர்ல குளம் இருக்கு. ஊருக்குக் கெழக்கயும் குளம் இருக்கு, தண்ணிதான் இல்ல. அது நெறஞ்சு பாத்தவுக யாரும் இப்ப உசுரோட இல்லாததால, அதுக்குள்ள மினி பஸ்ஸு வந்து திரும்புது, கட்சிக் கூட்டம் நடக்குது, ‘ஒங்கள நேத்து குளத்துல பாத்தேன்’னு ஒருத்தர் சொன்னா பஸ்ஸுக்கு நின்னதப் பாத்தேன்னு அர்த்தம். இப்படிப்பட்ட ஊர்ல தண்ணிய எப்படி வச்சிருப்பாகன்னு சொல்லணுமா? அரிசி களஞ்ச தண்ணி மாட்டுக்கு, குளிச்ச தண்ணி முருங்கைக்கு, பாத்திரம் கழுவுன தண்ணி வாசல்ல தெளிக்க. ஆரத்தித் தண்ணியக் கூட முச்சந்தியில கொட்ட மாட்டாக, கறிவேப்பிலைத் தூர்ல ஊத்துவாக. ரெண்டு பொம்பளைங்க மயிரப் பிடிச்சுச் சண்ட போட்டாலும், கையில இருக்கிற குடத்த மொதல்ல எறக்கி ஓரமா வச்சிட்டுத்தான் போடுவாக. கை தவறி ஒரு சொம்புத் தண்ணி தரையில கொட்டிட்டா, அந்த வீட்ல அன்னைக்கு யாரும் சத்தமாப் பேச மாட்டாக.

அந்த ஊர்ல ஆவுடையப்பனுக்கு வாடகைப் பாத்திரக் கடை. கல்யாணத்துக்கு அண்டா, சடங்குக்குத் தாம்பாளம், எழவுக்குக் குடம், எதுக்கு யார் வந்து கேட்டாலும் மொகத்த ஒரே மாதிரி வச்சுக்கிட்டு எடுத்துக் குடுக்கிற மனுசன். அதனாலயே அவர நெதானமான ஆளுன்னும் சொல்வாக, கல்லுன்னும் சொல்வாக. அவருக்கும் அவரு சம்சாரம் கோமதிக்கும் ஒரே மக, இசக்கியம்மாள், மெட்ராஸ்ல நடிக்கிறா. போன புதுசுல ஊரு என்னென்னமோ பேசுச்சு. அவ டிவியில வர ஆரம்பிச்சதும் பேச்சு நின்னுபோச்சு, ஏன்னா அவ வந்ததெல்லாம் பொணமா. ஒரு தொடர்ல கெணத்துல மெதந்தா, ஒண்ணுல தூக்குல தொங்குனா, இன்னொண்ணுல போர்வைக்கு வெளிய பாதம் மட்டும் தெரிஞ்சுச்சு, அதையும் கோமதி ‘எம் பிள்ள பாதம்தான், கட்டவிரல் நகத்தப் பாருங்க’ன்னு தெருவையே கூப்புட்டுக் காட்டுனா. செத்தவளப் பத்தித் தப்பாப் பேசுறது பாவம்னு ஊரும் விட்டுருச்சு.

‘சாவித் துவாரம்’ தொடர்லதான் அவளுக்கு மொதமொதலா உசுரோட ஒரு வேசம் கெடச்சுச்சு. இன்ஸ்பெக்டர் வேதவல்லின்னு ஒரு அம்மா, சிரிக்கவே சிரிக்காது, தொடர்ந்து நடக்கிற கொலைகளத் துப்பறியுது. கொலகாரன் யாருன்னு தெரியல. அவனக் கண்ணால பாத்த ஒரே சாட்சி தாரணிங்கிற புள்ள. அந்தத் தாரணிதான் நம்ம இசக்கி.

“இதுல எனக்குப் பேச்செல்லாம் இருக்குப்பா,”ன்னு போன்ல சொன்னா. “ஆனா கடைசியில பொழைக்கேனா சாகுறேனான்னு எனக்கே தெரியாது. ரெண்டு விதமாவும் எடுத்து வச்சிருக்காக. எதப் போடுவாகன்னு டைரக்டருக்கு மட்டுந்தான் தெரியும். பொழச்சேன்னா அடுத்த வருசக் கதையிலயும் நான் உண்டு. செத்தேன்னா போதும்ப்பா, பொணமாப் படுத்துப் படுத்து முதுகு வலிக்குது, ஊருக்கே வந்துடுறேன். கடையப் பாத்துக்கிறேன்.”

“எல்லாம் நல்லபடியா நடக்கும்,”னாரு ஆவுடையப்பன். எது நல்லபடின்னு அவருக்கே தெரியல. கடை வாசல்ல மக உக்காந்து அண்டாவுக்கெல்லாம் பெயிண்டுல நம்பர் போடுற மாதிரி ஒரு காட்சி அவரு மனசுக்குள்ள அப்பப்ப வந்து போய்க்கிட்டே இருந்துச்சு. அது நடக்கணும்னா அந்தத் தாரணி சாகணும்ங்கிறத அவரு நேரா நின்னு பாக்கல, கோயில் யானையக் கடந்து போற மாதிரி ஓரமாவே நடந்து போனாரு.

அந்த ஞாயித்துக்கெழம, கொலகாரன் தாரணியக் கொண்டு போய் ஒரு பழைய ஐஸ் கம்பெனியில, தொட்டி கட்டுன ஒரு ரூமுக்குள்ள பூட்டுறான். மொகம் தெரியல, கை மட்டுந்தான் தெரியுது. ஒரு பைப்பத் திருப்பி விடுறான். தண்ணி ஏறுது, முட்டி, தொடை, இடுப்பு. வேதவல்லி ஜீப்புல வந்து எறங்கிப் பாத்தா, கண்ணுக்கு எட்டுன தூரம் வரைக்கும் இரும்புக் கதவா வரிசையா நிக்குது, எந்தக் கதவுன்னு தெரியல, கையில ஒரு கொத்துச் சாவி. தாரணிக்குக் கழுத்து வரைக்கும் தண்ணி வந்துருச்சு, அண்ணாந்து நிக்கா. அந்த எடத்துலதான் டிவி வேர்த்துச்சு.

கோமதியோட தம்பி பால்வண்ணன், பக்கத்துத் தெரு, உடனே கோயில்பட்டியில இருக்கிற சகலைக்குப் போன் போட்டான். “அங்க முடிஞ்சிருச்சா?”

“எப்பவோ முடிஞ்சிருச்சே. கழுத்து வரைக்கும் தண்ணி வந்ததும் தொடரும்னு போட்டுட்டான். இப்பப் பாட்டுப் போட்டி ஓடுது. ஏன், அங்க கரண்ட் இல்லியா?”

செவல்குளத்துல தொடரும்னு போடல. எந்தச் சேனலத் திருப்புனாலும் அந்த ரூமுதான், அந்தப் புள்ளதான், அந்தத் தண்ணிதான். மத்த ஊர்க்காரங்க எல்லாம் ஒரு ஞாயித்துக்கெழமையில இருந்து அடுத்த ஞாயித்துக்கெழமைக்குத் தாண்டிக் குதிச்சிருவாக, நடுவுல கெடக்கிற நாள யாரும் திரும்பிப் பாக்கிறதில்ல. ஆனா கதைக்குள்ள இருக்கிறவுகளுக்கு அந்த நாளெல்லாம் உண்டுல்ல, அத யாராச்சும் கூட இருந்து கழிக்கணும்ல. அந்தத் தடவ அது செவல்குளத்துக்கு விழுந்துச்சு, அவ்வளவுதான்.

தண்ணி மரியாதப்பட்ட தண்ணி. பாத்திரம் வச்சாத்தான் வந்துச்சு, பாத்திரம் நெறஞ்சா அதுவா நின்னுக்கிடுச்சு, ஒரு சொட்டு வெளிய சிந்தல. டிவிய அணைச்சாலும் வந்துச்சு, பிளக்கப் பிடுங்குனாலும் வந்துச்சு, புள்ள மொகந்தான் தெரியாமப் போச்சு. கரண்டாபீஸ் ஆளு வந்து டெஸ்டரத் தண்ணியில வச்சுப் பாத்தான், லைட்டு எரியல. கைய விட்டுப் பாத்தான், ஒண்ணும் ஆகல. ஒரு செம்பு குடிச்சுப் பாத்தான், “ஐஸ் வாசம் அடிக்குது அண்ணாச்சி, மத்தபடி எங்க டிப்பார்ட்மெண்டுக்கு இதுல வேல இல்ல”ன்னுட்டுப் போயிட்டான். கேபிள்காரன் வந்து பாத்துட்டு, சிக்னல் நல்லா இருக்குன்னான்.

திங்கக்கெழம காலையில ஆவுடையப்பன் கடையத் தொறக்குமுன்னே ஊரே வாசல்ல நின்னுச்சு. என்ன விசேசம்னு கேக்காமக் குடுத்துப் பழகுன மனுசன், அன்னைக்கும் கேக்கல. அண்டா போச்சு, குண்டா போச்சு, குடம் போச்சு, பாயசத் தூக்கு போச்சு, பந்தியில சாம்பார் ஊத்துற வாளி கூடப் போச்சு. வாடகைன்னு பேச்செடுத்த ஒருத்தர, “மொதல்ல பிடிங்க வே,”ன்னு ஒரே வார்த்தையில அனுப்பி வச்சாரு. கடைச் சுவரு மொட்டையா நின்னுச்சு.

மத்தியானம்போல பக்கத்து வீட்டு மரியபுஷ்பம் கையத் தொடச்சுக்கிட்டு ஓடி வந்தா. மரியபுஷ்பம் பீடி சுத்துற பொம்பள, நாக்கும் கையும் ஒரே வேகம்.

“அண்ணாச்சி, ஒரு நிமிசம் வந்து பாருங்க. காலையில இருந்து பிடிச்சுக்கிட்டு இருக்கேன். கழுத்து வரைக்கும் நின்ன தண்ணி இப்ப ஒங்க மகளுக்கு இடுப்புக்கு எறங்கிருச்சு. நாம பிடிக்கப் பிடிக்க அங்க கொறையுது.”

ஆவுடையப்பன் போய்ப் பாத்தாரு. கோமதியும் போய்ப் பாத்தா. தெருவே ஒவ்வொரு வீடா போய்ப் பாத்துச்சு, எல்லா வீட்லயும் ஒரே புள்ள, ஒரே இடுப்பளவு. அந்தப் புள்ள தோள் தெரியுது, கையத் தூக்கி மூஞ்சியத் தொடைக்கிறா, சுவத்துல சாஞ்சு ஒரு மூச்சு விடுறா. அந்த மூச்சு விட்ட சத்தம் ஊர் பூரா ஒரே நேரத்துல கேட்டுச்சு. செருப்பு போட்டுக்கிட்டு வந்தவுக செருப்பக் கழட்டி வச்சாக, ஏன் கழட்டுனோம்னு அவுகளுக்கே தெரியாது.

அதுக்கப்புறம் தண்ணி பிடிக்கிறது வேற மாதிரி ஆயிப்போச்சு. குடம் வைக்கிறவ ஒரு பார்வை திரையப் பாத்துட்டு வச்சா. ‘நல்லா நில்லு தாயி,’ ‘கால மாத்திக்கோ தாயி,’ன்னு பேசிக்கிட்டே வச்சா. அவளுக்குக் கேக்காதுன்னு எல்லாருக்கும் தெரியும், இருந்தாலும் பக்கத்துல ஒருத்தி நிக்கும்போது பேசாம எப்படி வேல பாக்க முடியும்? சாப்பாட்டு நேரத்துல ஒவ்வொரு வீட்லயும் டிவிக்கு முன்னால ஒரு தட்டு வச்சாக. அது அப்படியே இருந்துச்சு, ஆறுச்சு, எடுத்துச் சாப்புட்டாக, அடுத்த வேளைக்கு மறுபடி வச்சாக. கோமதி மட்டும் வத்தக்குழம்பு வைக்கிறத நிறுத்திட்டா, இசக்கிக்குப் பிடிக்காது.

ஊருக்கு அப்படி ஒரு வாழ்வு வந்துச்சு. தலைக்குத் தலை குளிச்சாக. துணியெல்லாம் நெறம் மாறிப்போச்சு, வெள்ளைன்னு நெனச்சுக்கிட்டு இருந்ததெல்லாம் உண்மையிலயே வெள்ளையா மாறுச்சு. தொட்டி, ஜாடி, ஊறுகா பரணி, கோயில் உண்டியலத் தவிர மிச்ச எல்லாம் நெறஞ்சுச்சு. நெறையணும்னு எத்தனையோ காலமா ஆசைப்பட்ட ஊரு, நெறஞ்சதப் பாத்துக்கிட்டே ஒக்காந்துச்சு.

புதன்கெழம ஊர்ல காலிப் பாத்திரம் இல்ல.

தப்பு அங்கதான் நடந்துச்சு, வேற எந்த ஊர்ல இருந்தாலும் நடந்திருக்காது. பாத்திரம் நெறஞ்சா நிறுத்துறது அவுகளுக்கு மூச்சு விடுற மாதிரி. நெறஞ்ச குடத்துக்கு மேல துணியக் கட்டி, மூடியப் போட்டு, அலுத்துப் போய் உக்காந்துட்டாக. டிவிக்குக் கீழ ஒண்ணும் இல்ல. மரியாதப்பட்ட தண்ணி, வைக்கலன்னா வரல. வராத தண்ணி எங்க போகும், உள்ளயே ஏறுச்சு.

கோமதிதான் மொதல்ல பாத்தா. இடுப்புல இருந்த தண்ணி நெஞ்சுக்கு வந்திருக்கு. பாத்துக்கிட்டு இருக்கும்போதே தோள் மறைஞ்சுச்சு. புள்ள உதடு நீலம் பூத்துப்போச்சு, பெருவிரல்ல எக்கி நிக்கா.

“ஏங்க! வெறும் குடம் குடுங்க, வெறும் குடம்!”

“ஏது குடம்?”னாரு ஆவுடையப்பன். கடைச் சுவரக் காட்டுனாரு. தெருவுல பால்வண்ணன் ஓடி வந்தான், மரியபுஷ்பம் ஓடி வந்தா, எல்லாரும் வெறும் பாத்திரந்தான் கேட்டாக, எல்லார் வீட்லயும் நெறஞ்ச பாத்திரந்தான் இருந்துச்சு.

ஆவுடையப்பன் போன எடுத்து மகளுக்கு அடிச்சாரு. மூணாவது தடவைதான் எடுத்தா. பின்னால ஏதோ சத்தம், ஷூட்டிங் எடம்.

“யப்பா, என்னப்பா இந்நேரம்?”

“நீ நல்லா இருக்கியா?”

“நல்லாத்தான் இருக்கேன். இப்பத்தான் இட்லி சாப்புட்டேன். ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு?”

“நீ தண்ணிக்குள்ள நிக்கியேம்மா.”

“அது எடுத்து நாலு மாசம் ஆச்சுப்பா! தண்ணி கூட வெந்நி ஊத்தித்தான் எடுத்தாக. ஞாயித்துக்கெழம வரைக்கும் பொறுங்க, பொழைக்கேனா சாகுறேனான்னு தெரிஞ்சுரும்.”

“சரிம்மா,”ன்னு வச்சிட்டாரு. திரும்பித் திரையப் பாத்தாரு. அங்க நிக்கிறது இசக்கி இல்ல. இசக்கி மெட்ராஸ்ல இட்லி சாப்புட்டுட்டா. அங்க நிக்கிறது தாரணின்னு ஒருத்தி, அப்பன் ஆத்தா யாருன்னே கதையில சொல்லாத ஒருத்தி. அவ செத்தா எம்மக வீட்டுக்கு வருவா. இவ்வளவு நாளும் ஓரமா நடந்து போன அந்த நெனப்பு இப்ப வழிய மறிச்சுக்கிட்டு நின்னுச்சு. தண்ணி தாடையத் தொட்டுச்சு. தாரணி வாய இறுக்கி மூடிக்கிட்டா. சின்னப்புள்ளையில இசக்கி கசாயம் குடிக்க மாட்டேன்னு மூடுவாளே, அதே மாதிரி.

ஆவுடையப்பன் எந்திரிச்சு, வீட்டுக்குள்ள இருந்த பெரிய அண்டாவோட ஒரு காதப் பிடிச்சாரு. “கோமதி, அந்தப் பக்கம் பிடி.”

ரெண்டு பேரும் தூக்க முடியாமத் தூக்கி வாசலுக்குக் கொண்டு வந்தாக. தெருவே நின்னு பாத்துச்சு.

“அத்தான், எங்க கொண்டு போறீக?”ன்னான் பால்வண்ணன். “மாட்டுக்கா?”

“இல்ல.”

“மரத்துக்கா?”

“இல்ல மாப்ள. தெருவுக்கு.”

“தெருவுக்குன்னா, தெருவுல யாருக்கு?”

“யாருக்கும் இல்ல.”

பால்வண்ணன் அத்தான் கையப் பிடிச்சிட்டான். “புத்தி கெட்டுப் போச்சா ஒமக்கு? நல்ல தண்ணிய மண்ணுல ஊத்துறதா? ஊர் நாசமாப் போகும். ஒரு சொம்பு கொட்டுனதுக்கு எங்கய்யா என்ன வேப்பங்குச்சியால அடிச்ச தழும்பு இன்னும் கால்ல கெடக்கு!”

“கைய எடு மாப்ள. அவ மூக்குக்கு வந்துருச்சு.”

ஊத்திட்டாரு.

அந்தச் சத்தத்த செவல்குளத்துல யாரும் கேட்டதில்ல. ஒரு அண்டாத் தண்ணி மொத்தமா, ஒரு வேலைக்கும் இல்லாம, காஞ்ச மண்ணுல விழுற சத்தம். மண்ணு மொதல்ல அத வாங்கிக்கிடவே தெரியாம முழிச்சுச்சு, மேல மேல உருட்டி விளையாண்டுச்சு, அப்புறம் ஒரு பெருமூச்சு விட்டுக் குடிச்சுச்சு. ஒரு பொம்பள சேலைத்தலைப்ப வாயில வச்சுக்கிட்டு அழுதா. ஒரு பெரியவரு துண்டத் தோள்ல இருந்து எடுத்தாரு, சாமி சப்பரத்துக்கு எடுக்கிற மாதிரி. காலி அண்டாவப் பாக்க ஆவுடையப்பனுக்கு அம்மணமா நிக்கிற மாதிரி இருந்துச்சு. கோமதி அதப் பிடுங்கிக்கிட்டு உள்ள ஓடி டிவிக்குக் கீழ வச்சா. தண்ணி எறங்குச்சு. தாரணி மூக்கு வெளிய வந்துச்சு, வாய் வந்துச்சு, வாயத் தொறந்து அவ இழுத்த மூச்சு இருக்கே, அதத் தெரு முழுக்க இழுத்துச்சு.

“என்னத்த மூதேவிக மாதிரி நின்னு பாக்கீக?”ன்னு மரியபுஷ்பம் ஒரு கத்து கத்தி, ரெண்டு கையிலயும் ரெண்டு குடத்தத் தூக்கிட்டு வந்து, கண்ண இறுக்கி மூடிக்கிட்டு ஊத்துனா. “ஏசுவே, மன்னிச்சுக்கோ!” அடுத்த வீடு ஊத்துச்சு. அதுக்கடுத்த வீடு, அந்தத் தெரு, அடுத்த தெரு. மொதக் குடத்த மன்னிப்புக் கேட்டுக்கிட்டு ஊத்துனாக, அடுத்த குடத்த அழுதுக்கிட்டு ஊத்துனாக, அதுக்கப்புறம் எவளோ ஒருத்தி சிரிச்சுட்டா, அந்தச் சிரிப்பு ஒட்டிக்கிடுச்சு, ஊரே சிரிச்சுக்கிட்டு ஊத்துச்சு, ஒருத்தர் மேல ஒருத்தர் ஊத்துச்சு, பால்வண்ணன் தழும்புக் காலோட தெரு நடுவுல நின்னுக்கிட்டு, “என் தலையில ஊத்துங்கடே, தலையில ஊத்துங்க!”ன்னு கூத்தாடுனான்.

முறை போட்டுக்கிட்டாக. ஒரு தெரு தூங்குனா ஒரு தெரு ஊத்துச்சு. ஊத்துன தண்ணி மொதல்ல அங்கங்க நின்னுச்சு, அப்புறம் ஒண்ணோட ஒண்ணு கை கோத்துச்சு, வீடு கட்டி மறிச்ச எடத்துல கொஞ்சம் யோசிச்சு நின்னு, சந்துல நொழைஞ்சு, பஞ்சாயத்து ஆபீஸச் சுத்திக்கிட்டு, யாரும் வழி சொல்லாமலே கெழக்க நடந்துச்சு. வெள்ளிக்கெழம காலையில வந்த மினி பஸ் டிரைவரு, திரும்புற எடத்துல பிரேக்க மிதிச்சு நின்னுட்டு, எறங்கி, சட்டையக் கழட்டாமலே கரையில உக்காந்துட்டான். குளத்துல ஆகாசம் கெடந்துச்சு. கரை தட்டக் கரை தட்ட, ஒரு சுருக்கம் இல்லாம, மேகத்தோட கெடந்துச்சு. எங்க இருந்து வந்துச்சோ ஒரு கொக்கு, நேத்து வரைக்கும் இங்கயேதான் இருந்தேன்ங்கிற மாதிரி ஒத்தக் கால்ல நின்னுச்சு. ஊர்ச் சனம் கரை மேல வரிசையா வந்து நின்னு பாத்துச்சு. யாரும் எறங்கல, யாரும் கையால தொடல, பிள்ளையப் பெத்தவ பக்கத்துல படுத்திருக்கிற பிள்ளையப் பாக்கிற மாதிரி பாத்தாக, பாத்துட்டுத் திரும்பிப் போயி மறுபடி குடத்த எடுத்தாக.

சனிக்கெழம பால்வண்ணன் மனசுல இருந்தத வெளிய விட்டான். கரையில நாலு பேரு இருந்தாக, ஆவுடையப்பனும் மரியபுஷ்பமும் இருந்தாக.

“நாளைக்குக் கதவத் தொறந்துட்டா இது நின்னுரும்ல?”ன்னான். “கடைசிப் பகுதி வரும்போது ஊர்ல கரண்ட நிறுத்திட்டா, கேபிளையும் அத்துவிட்டுட்டா, கதை முடியாது. புள்ளைக்கு ஒண்ணும் ஆகாது, நாமதான் எறைச்சுக்கிட்டே இருப்போமே. நான் தப்பாச் சொல்லல. எல்லாருக்கும் நல்லதுதானேன்னு பாத்தேன்.”

அவன் தப்பாச் சொல்லலதான். அந்த ஊர்ல பொறந்த யாருக்கும் அந்த நெனப்பு வராம இருந்திருக்காது.

மரியபுஷ்பம்தான் திரும்புனா. “தம்பி, நீரு அந்தத் தண்ணிக்குள்ள எறங்கி, ஒரு வாரம் நின்னுட்டு வாரும். வந்து இதே பேச்சப் பேசும், நானே போயி வயர அத்துவிடுறேன்.”

பால்வண்ணன் குளத்தப் பாத்தான், தலையச் சொறிஞ்சான். “சரி, விடுங்க மதினி. சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்,”னு குடத்த எடுத்துக்கிட்டு எந்திரிச்சான்.

ஆவுடையப்பன் மட்டும் அங்கயே உக்காந்திருந்தாரு. நாளைக்கு அந்தக் கதவு தொறந்து தாரணி நடந்து வெளிய வந்தா, எம்மக வர மாட்டா, அடுத்த வருசமும் வர மாட்டா. அத இப்ப ஓரமாப் போகாம நேராவே பாத்தாரு. பாத்து முடிச்சதும், வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு வீட்டுக்கு வந்து அண்டாவத் தூக்குனாரு.

ஞாயித்துக்கெழம சாயங்காலம் வந்துச்சு. ஒவ்வொரு வீட்லயும் ஒருத்தர் ஊத்துறதுக்கு, ஒருத்தர் வைக்கிறதுக்கு, மிச்சப் பேரு திரைக்கு முன்னால. தாரணிக்கு இப்பக் கணுக்கால் தண்ணிதான். திடீர்னு டிவியில பாட்டு வந்துச்சு, தொடரோட பாட்டு, பேரெல்லாம் ஓடுச்சு, வேதவல்லி அந்தக் கதவு வரிசைக்கு முன்னால நிக்குது. ஒரு கதவு தொறக்குது, வெறும் ரூமு. இன்னொரு கதவு தொறக்குது, வெறும் ரூமு. கொலகாரனோட நெழல் பின்னால சுவத்துல நகருது. ஊரே பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்துச்சு. இன்ஸ்பெக்டரம்மா ஒரு கதவுகிட்ட நின்னு, காத வச்சுக் கேட்டுச்சு. ரொம்ப நேரம் கேட்டுச்சு. சாவிய எடுத்துச்சு.

பூட்டு தொறந்த சத்தம் கேட்டதும் எல்லா வீட்லயும் தண்ணி நின்னுச்சு.

தாரணி சுவத்தப் பிடிச்சுக்கிட்டு வெளிய வந்தா. கால் தள்ளாடுச்சு. சிரிக்கவே சிரிக்காத வேதவல்லி அவளத் தாங்கிப் பிடிச்சு, ஜீப்புல உக்கார வச்சு, கோட்டக் கழட்டிப் போத்துச்சு.

“இத்தன நாளும் உள்ள தனியாவா இருந்த?”

தாரணி தலைய ஆட்டுனா. கதையில இதுவரைக்கும் மெட்ராஸ் பேச்சு பேசுன புள்ள, இப்ப அந்தப் பேச்சு பேசல.

“இல்ல மேடம். சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு.”

“என்ன சத்தம்?”

“குடம் வைக்கிற சத்தம்.”

அதுக்கப்புறம் அந்தப் பகுதி ரொம்ப நேரம் ஓடுச்சு. தொரத்தல் இருந்துச்சாம், துப்பாக்கிச் சூடு இருந்துச்சாம், கடைசியில கொலகாரன் முகமூடியக் கழட்டுனதும் தமிழ்நாடே ஆடிப்போச்சாம், அவன்னு யாருமே நெனைக்கலையாம். செவல்குளத்துல அத ஒருத்தரும் பாக்கல. எல்லாரும் தெருவுல நின்னு ஒருத்தர ஒருத்தர் கட்டிப்பிடிச்சுக்கிட்டும், மூக்கச் சிந்திக்கிட்டும், ஈர மண்ணப் பாத்துக்கிட்டும் இருந்தாக. கொலகாரன் யாருன்னு அந்த ஊர்ல இன்னைக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது.

ஆவுடையப்பன் போன் அடிச்சுச்சு.

“யப்பா!” இசக்கி மூச்சு வாங்க வாங்கப் பேசுனா. “பாத்தீகளாப்பா? எடுத்து வச்ச ரெண்டுலயும் இது இல்லப்பா. அந்த வசனம் நான் பேசவே இல்ல, டைரக்டரும் எழுதலங்கிறாரு, ஆனா எங்குரல்தான். எல்லாரும் போன் மேல போன் போடுறாக. அடுத்த வருசமும் நான் உண்டுன்னு இப்பத்தான் சொன்னாக! அவன்தான் கொலகாரன்னு நெனச்சீகளாப்பா நீங்க?”

“அவன் கெடக்கான், விடு,”ன்னாரு ஆவுடையப்பன். “நீ தலையத் தொவட்டுனியா?”

“எந்தத் தலைய? யப்பா, நான் ரூம்ல இருக்கேன், நான் எங்க நனைஞ்சேன்?”

“தொவட்டுனியா, இல்லியா?”

அந்தப் பக்கம் துண்ட உதறுற சத்தம் கேட்டுச்சு.

“தொவட்டுறேன்ப்பா,”ன்னா.